ஜோசையாவின் அம்மா எங்கே?

தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் யாரோ தேம்பி அழும் சத்தம் கேட்டது. டில்டாவும் அவள் அண்ணன் நெட்டும் ஓடிப் போய்ப் பார்த்தார்கள். ஒரு பழைய கல்லின் முன்னால் முதியவர் ஒருவர் மண்டியிட்டிருந்தார்.

"என்னாச்சு சார்?" என்று கேட்டாள் டில்டா.

"கண்டுபிடிச்சுட்டேன்மா! என் பேர் வாரன் தர்லோ. அமெரிக்காவுலேர்ந்து வர்றேன். முதமுதல்ல அங்க போய்க் குடியேறின இங்கிலாந்துக்காரங்கள்ல எங்க மூதாதை ஜோசையாவும் ஒருத்தர். இந்த ஊர்லேர்ந்துதான் கப்பலேறினார். நானூறு வருஷமாச்சு. போனவர் அதுக்கப்புறம் அம்மா முகத்தைப் பார்க்கவே இல்ல. இதோ, அவரோட அம்மா ஹன்னா தர்லோ!"

அவர் கையில் ஒரு துணிப்பை இருந்தது. அதில் இருந்தது ஜோசையாவின் கல்லறை மண். அதைத் தாயின் மேல் தூவத்தான் கடல் தாண்டி வந்திருந்தார்.

டில்டா கல்லைப் பார்த்தாள். கல்லில் பெயர் மட்டுமே மிச்சம், ஆண்டு தேய்ந்துபோயிருந்தது. ஆனால் அது யார் என்று அவளுக்குத் தெரியும். அவளும் தர்லோ வீட்டுப் பெண்தானே!

நெட் அவள் காதைக் கடித்தான். "வாயைத் திறக்காத. பாவம், சந்தோஷமாப் போகட்டும்."

முதியவர் பையின் முடிச்சை அவிழ்த்தார். டில்டாவால் பொறுக்க முடியவில்லை.

"போடாதீங்க சார்! இவங்க அதே பேர்ல வேற ஒருத்தர், எங்க கொள்ளுத்தாத்தாவோட பாட்டி. எழுபது வயசுல ஆப்பிள் மரம் ஏறி விழுந்தவங்க. உங்க ஹன்னா இல்ல."

முதியவரின் முகம் வாடியது. "அப்ப அவங்க எங்க?"

"அந்தக் காலத்துல ஏழைங்களுக்குக் கல் வைக்க மாட்டாங்க சார்."

"அப்ப நான் வந்ததே வீண்தான்." முடிச்சை மறுபடியும் போட்டுக்கொண்டு எழுந்தார். நெட் தங்கையை முறைத்தான். டில்டாவுக்கே அழுகை முட்டியது. ஆனாலும் அவரை அப்படியே அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

"இங்க வாங்க சார்!" என்று தேவாலய வாசலுக்கு அழைத்துப் போனாள். "உள்ள போகப் படி இறங்கணும், பாத்தீங்களா? கட்டினப்போ படியே இல்லையாம்."

"கட்டடம் மண்ணுல புதைஞ்சுபோச்சா?"

"இல்ல சார், சுத்தி இருக்கற மண்ணுதான் உயர்ந்துபோச்சு. ஊர் ஜனங்க எல்லாரையும் ஒருத்தர் மேல ஒருத்தரா இங்கதான் புதைச்சாங்க. கல் இல்லாட்டியும் உங்க ஹன்னா இந்த மண்ணுலதான் இருக்காங்க. எங்க தூவினாலும் அவங்களுக்குப் போய்ச் சேரும்."

முதியவர் தன் கால்களைப் பார்த்தார். "அப்ப நான் அவங்க மேலயா நிக்கறேன்?"

"நாம எல்லாருமே அப்படித்தான் சார் நிக்கறோம்."

முதியவர் பையைத் திறந்து, தேவாலயத்தைச் சுற்றி மெல்ல நடந்துகொண்டே மண்ணைத் தூவினார். பை காலியானதும் குனிந்து, புல்லின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"அம்மா, ஜோசையா வந்துட்டான்" என்றார்.