பொத்தான் சிப்பாய்

இருட்டுவதற்குள் வீட்டைக் காலி செய்துவிடலாம் என்றுதான் தாயும் மகளும் வந்தார்கள். புதிர்க்காரர் இறந்ததிலிருந்து பூட்டிக் கிடந்த வீடு. கதவைத் திறந்ததும் பென்சில் சீவிய வாசனையும் இருமல் மருந்து வாசனையும் சேர்ந்து முகத்தில் அடித்தன.

"அப்பா இன்னும் உள்ளதான் உக்காந்திருக்கார் போல," என்று சிரித்தாள் மகள். "நீ பாத்திரத்தை எடுத்து வைம்மா. நான் போய் வண்டியைக் கூட்டிட்டு வந்துடறேன்."

தாய் காற்றுக்காகப் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தனியாகச் சாப்பாட்டு அறைக்குள் போனாள். மேஜையில் செஸ் பலகை விரித்திருந்தது. காய்கள் நின்றுகொண்டிருந்தன.

அவர் இறந்ததும் அவளே தன் கையால் பெட்டியில் போட்டு மூடிய காய்கள்.

அவர் செஸ் விளையாடுகிறவர் இல்லை, செஸ் புதிர் கட்டுகிறவர். கறுப்பு ராஜா எந்தப் பக்கம் ஓடினாலும் மாட்டிக்கொள்ள வேண்டும். அதைக் கட்டுவதற்குள் சாப்பாடு, தூக்கம், பெண்டாட்டி பிள்ளை எல்லாம் மறந்துபோகும். கட்டி முடித்ததும் மட்டும் மனைவி ஞாபகம் வரும். ஓட்டை கண்டுபிடிப்பது அவள் வேலை. அடுப்பில் ஒரு கண்ணும் பலகையில் ஒரு கண்ணுமாக நின்று, "இந்தப் பக்கம் தப்பிச்சுடுவாரே உங்க ராஜா," என்பாள். பேச நேரமில்லையென்றால் மேஜையில் விரலால் இரண்டு தட்டு. உடனே அவர் முகம் சுண்டிப்போகும். பெட்டியிலிருந்து ஒரு சிப்பாயை எடுத்து வைத்து அந்த வழியை அடைப்பார். ஓட்டையே இல்லையென்றால் திருப்தியாக ஒரு சின்ன இருமல் வரும். அவள் கண்ணுக்குத் தப்பி அவர் இருமியது அபூர்வம்.

இது அவள் பார்க்காத புதிர். பெட்டியில் மிச்சம் கிடந்தவை இரண்டு வெள்ளைச் சிப்பாய்களும் ஒரு சிவப்புப் பொத்தானும்தான். மகள் சின்னக் குழந்தையாக இருந்தபோது ஒரு சிப்பாயைத் தொலைத்துவிட்டாள். அவள் கவுனிலிருந்து பிய்த்த பொத்தான்தான் அன்றிலிருந்து அந்தச் சிப்பாய்.

பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது.

"பின்பக்கம் வழி இருக்கே."

பின்கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

ஓடிப்போய் இழுத்தாள். அசையவில்லை. காற்றாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு திரும்பி வந்தாள். அவள் சொன்ன கட்டத்தில் ஒரு சிப்பாய் நின்றது.

எதிர் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. இருமல் மருந்து வாசனை மட்டும் இப்போது அங்கிருந்து வந்தது. பயத்தில் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அதை அடைச்சா ஆச்சா? முன்பக்கம் ஓடிடுவாரே!"

வாசல் கதவில் தாழ் விழுந்தது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இந்த வீடுதான் பலகை, மாட்டிக்கொள்ள வேண்டிய கறுப்பு ராஜா அவளேதான்.

பலகையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பெட்டியில் இனி மகளின் பொத்தான் மட்டும். ராஜாவுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டம் திறந்திருந்தது. வீட்டிலும் ஒரே ஒரு வழிதான் மிச்சம்: ஸ்டோர் ரூமின் கம்பியில்லாத சின்ன ஜன்னல். சொல்லக் கூடாது. சொன்னால் அவர் எதை எடுத்து அடைப்பார் என்று அவளுக்குத் தெரியும். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்த ஜன்னல் பக்கம் அவள் திரும்பும்போதே வாசல் கதவு தட்டப்பட்டது.

"அம்மா! ஏன் பூட்டிக்கிட்டே?"

"உள்ள வராதே கண்ணு! போயிடு!"

"ஏன் இப்படிக் கத்துறே? விழுந்துட்டியா? இரு, ஸ்டோர் ரூம் ஜன்னல் வழியா ஏறி வரேன்."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பலகையை மட்டும் பார்த்தாள். பொத்தான் பெட்டியிலேயே கிடந்தது.

ஆமாம், மகள் சொல்வதை அவர் எப்போது காதில் போட்டுக்கொண்டார்? மனைவி கண்டுபிடித்தால்தான் அவருக்கு அது ஓட்டை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். மகள் உள்ளே வந்ததும் அதே ஜன்னல் வழியாக இரண்டு பேரும் ஓடிவிடலாம்.

இடது கையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள். விழுந்துவிடாமலிருக்க வலது கையை மேஜையில் ஊன்றினாள்.

ஸ்டோர் ரூமில் ஜன்னல் கதவு கிறீச்சிட்டது. மகளின் வளையல் சத்தம் கேட்டது.

ஊன்றிய கை நடுங்கியது. விரல் மேஜையில் பட்டது.

மீண்டும் பட்டது.

"இல்ல... இல்லங்க... நான் தட்டல..."

பெட்டி காலியாக இருந்தது. கறுப்பு ராஜாவின் பக்கத்துக் கட்டத்தில் பொத்தான் சிவப்பாக உட்கார்ந்திருந்தது.

"அம்—" என்று ஸ்டோர் ரூமிலிருந்து வந்த குரல் பாதியில் நின்றது.

அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். வளையல் சத்தம் ஒரு தடவையாவது கேட்காதா என்று நின்றாள்.

எதிர் நாற்காலியிலிருந்து, திருப்தியாக, ஒரு சின்ன இருமல் கேட்டது.