செத்த மெஷினில் நாற்பத்தியோராம் பாட்டில்

ஃபோன் அலறியது!

யெலிட்சா எடுத்தாள். அந்தச் செர்பிய ஊர் நகராட்சியின் கம்ப்யூட்டர்கள் அத்தனைக்கும் அவள் ஒருத்திதான் பொறுப்பு.

"அழிச்சிட்டியா?"

விழாக் கமிட்டித் தலைவர் மிலிவோய். காலையிலிருந்து ஐந்தாவது முறை!

"அழிச்சிட்டே இருக்கேன் மாமா..."

"சீக்கிரம்! பன்னிரண்டு மணிக்கு மைக்ல ரிசல்ட்! பாதி செர்பியா சதுக்கத்துல வந்து நிக்குது!"

ரக்கியா, அதாவது வீட்டில் காய்ச்சும் ப்ளம் பழச் சாராயம், அதற்கான போட்டி. அறுபது பாட்டில்கள். ஏழு நடுவர்கள். அவர்கள் போட்ட மார்க்கெல்லாம் ஒரு வர்ச்சுவல் மெஷினில் இருந்தது... அதாவது, பெரிய கம்ப்யூட்டருக்குள் குடியிருக்கும் ஒரு பொய்க் கம்ப்யூட்டரில்.

காலை எட்டு மணிக்கு அது செத்தது. அதன் ஃபைல்கள் இருந்த டிரைவின் வயர் கழன்றுவிட்டது!

'யெலிட்சா சொதப்பிட்டா' என்று காபிக்கடை வரை பேச்சு. வேலையே போகலாம். வயரை மாட்டி, புது மெஷின் ஒன்றை எழுப்பி, மிலிவோய் நீட்டிய காகிதத்தைப் பார்த்து மார்க்குகளை மறுபடி அடித்தாள். செத்த மெஷின் விட்டுப்போன ஃபைல்களைப் பெருக்கித் தள்ளுவதுதான் பாக்கி.

ஒன்று... இரண்டு... பத்து...

கடைசி ஃபைலில் விரல் நின்றது.

வயர் கழல்வதற்கு ஒரு நிமிடம் முன்பு பதிவானது. இந்தக் குப்பையை அழிக்க ஒரு மனிதர் ஏன் ஐந்து முறை ஃபோன் செய்கிறார்?

திறந்தாள். நடுவர்கள் போட்ட அசல் மார்க்குகள்!

மிலிவோய் தந்த காகிதத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள்.

நாற்பத்தியோராம் பாட்டில்... முதலிடம்! காகிதத்திலோ பதினேழாவது!

யாரோ மார்க்கை மாற்றியிருக்கிறார்கள்! அது யாருடைய பாட்டில்? பெயர்ப் பட்டியலைப் புரட்டினாள்.

மிலிவோய்!

மாடிப்படியேறி மிலிவோயின் அறைக்குப் பறந்தாள்.

"மாமா! உங்களை ஏமாத்திட்டாங்க! தங்கப் பதக்கம் உங்களுக்குத்தான்! போலீஸைக் கூப்பிடுங்க!"

மிலிவோயின் முகம் வெளுத்தது. பாய்ந்து கதவைச் சாத்தினார்.

"கத்தாதே தாயே... வயரைப் பிடுங்கினதும், காகிதத்துல மார்க்கை மாத்தினதும் நான்தான்!"

"எ... என்னது? ஜெயிச்சவர் நீங்களே எதுக்கு..."

"ஜெயிச்சவன் எல்லார் முன்னாடியும் காய்ச்சிக் காட்டணும்ல? முப்பது வருஷமா நானே காய்ச்சுறேன்னு பீத்திட்டுத் திரியறேன்... எனக்கு அடுப்பு மூட்டக்கூடத் தெரியாது! அடுத்தவங்க குடுத்த பாட்டிலைக் கொண்டாந்து வெச்சேன். அது போய் ஜெயிக்கும்னு கண்டேனா?"

"யார் குடுத்தது?"

மிலிவோய் குரலைத் தாழ்த்தினார்.

"உங்கம்மா!"

யெலிட்சா இடுப்பில் கை வைத்தாள்.

"என் வேலைக்கு உலை வெச்சீங்க... எங்கம்மா பதக்கத்தையும் அமுக்கப் பாத்தீங்க! மைக்ல நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"நா... நானே சொல்லிடறேன்மா!"

உண்மையான மார்க்குகள் புது மெஷினுக்குப் போயின. அதற்குப் பிறகே கடைசி ஃபைலை அழித்தாள்.

பன்னிரண்டு மணி. சதுக்கமே கைதட்டியது. யெலிட்சாவின் அம்மா ஸ்டாமெங்கா கழுத்தில் தங்கப் பதக்கம்!

வியர்த்து வழிந்த மிலிவோய் மைக்கை நீட்டினார். "இவ்வளவு ருசிக்கு என்ன ரகசியம், ஸ்டாமெங்கா?"

"ருசியா? முட்டி வலின்னு அழுதியே... தேய்ச்சுக்கத்தானேய்யா குடுத்தேன்!"

அம்மா கவலையோடு நடுவர்கள் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க... ஏழு பேருக்கும் இப்ப முட்டி எப்படி இருக்கு?"