சுவரொட்டியின் முதுகில் ஒரு மீன்

“என்னைத் திருடின்னு சொல்லிட்டான், தாதா! முப்பது வருஷமா அடுத்தவங்க காகிதத்தைப் பெத்த பிள்ளை மாதிரி பார்த்துக்கிட்ட என்னை!”

புதுல் கயால் உட்காரவில்லை. பவதோஷ் மித்ரவின் முன்னறையில் நின்றபடியே பொரிந்து தள்ளினாள். கல்லூரித் தெருச் சந்து ஒன்றில் பழைய வங்காளப் படச் சுவரொட்டிகளைச் செப்பனிட்டுக் கொடுப்பவள் அவள். கொல்கத்தாவில் சுவரொட்டி சேகரிப்பவர்கள் யாரானாலும் கிழிசலோடு அவள் கடைக்குத்தான் வரவேண்டும்.

பவதோஷ் சுங்க இலாகாவில் பொட்டலம் பிரித்தே காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். அக்கம்பக்கத்துக்கெல்லாம் ‘தாதா’, அதாவது அண்ணன். எதற்கும் குரலை உயர்த்த மாட்டார். அவருக்கும் சேர்த்துக் கோபப்படும் பொறுப்பைப் அவர் கூடவே சுற்றும் பத்திரிகைப் புகைப்படக்காரி மிதாலி ஏற்றுக்கொண்டிருந்தாள்.

“யாரு தீதி சொன்னது?” என்றாள் மிதாலி.

“சிங்ஹராய். அலிப்பூர்ல பெரிய சேகரிப்புக்காரன். செப்பனிடறதுக்கு ஒரு போஸ்டர் கொடுத்தான். செவ்வாய்க்கிழமை முடிச்சு அனுப்பினேன். மறுநாளே, அசலை வெச்சுக்கிட்டுப் போலியை அனுப்பிட்டேன்னு கத்தறான். ஓடிப்போய்ப் பார்த்தேன். போலிதான் தாதா. லென்ஸ்ல பார்த்தா புள்ளி புள்ளியா இருக்கு. போட்டோ எடுத்து அச்சடிச்சாத்தான் அப்படி வரும். கல்லுல வரைஞ்சு அச்சடிச்சதுல புள்ளி ஏது? ஆனா நான் அனுப்பினது அது இல்ல.”

“நீங்க அனுப்பினதுதான்னு அவர் எப்படிச் சொல்றார்?” என்றார் பவதோஷ்.

“பின்னாடி தாங்கலுக்கு மல்துணி ஒட்டியிருக்கு. அவன் ஒரு நொடி திருப்பிக் காட்டினான், தொட விடலை. துணியில என் மீன் முத்திரை இருக்கு, அதுலயே நான் எழுதின செவ்வாய்க்கிழமைத் தேதியும் இருக்கு. அந்த மரக்கட்டை என்கிட்ட மட்டும்தான் இருக்கு.”

“பதிலுக்கு என்ன கேட்கிறார்?”

புதுலின் குரல் இறங்கியது. “எங்கப்பா வரைஞ்ச போஸ்டரை. மிஞ்சினது அந்த ஒரு பிரதிதான். அஞ்சு வருஷமா விலைக்குக் கேட்டான், முடியாதுன்னேன். இப்ப ஞாயித்துக்கிழமைக்குள்ள அதைக் கொடுத்தா போலீசுக்குப் போக மாட்டானாம். ஊர்ல இருக்கிற சேகரிப்புக்காரங்க எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டான். மூணு பேர் கொடுத்த வேலையைத் திருப்பி வாங்கிட்டாங்க.”

மிதாலி கேமராப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். உழைத்துப் பிழைப்பவளின் அடிமடியிலேயே கை வைத்துவிட்டு, அதற்குப் பெருந்தன்மை என்று பெயரும் வைத்திருக்கிறான்!

பவதோஷ் டீயை உறிஞ்சினார். “துணியை எப்படி ஒட்டுவீங்க?”

“காகிதத்தை விரிச்சு, ஈரமாக்கி, கண்ணாடி மேல படிய வைப்பேன். மைதாப் பசை தடவித் துணி போடுவேன். காஞ்சதும் முத்திரை குத்தி, சுருட்டிக் குழாய்ல போட்டுடுவேன். அந்தக் காலத்துல தியேட்டருக்கு மடிச்சுத்தான் அனுப்புவாங்க. அந்த மடிப்பு காகிதத்துல இருக்கும். துணி மழமழன்னு இருக்கும். துணி போட்டப்புறம் மடிச்சா சாயம் வெடிச்சிடுமே.”

பவதோஷ் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அலிப்பூர் வீட்டில் ருத்ரநாராயண் சிங்ஹராய் சந்தேஷ் இனிப்புத் தட்டோடு வரவேற்றார். புதுலைப் பார்த்ததும் தட்டைத் தம் பக்கமே நகர்த்திக்கொண்டார்.

“என்னம்மா, தோழர்களைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கே! அப்பா போஸ்டர் எங்கே?”

மிதாலி வாயைத் திறப்பதற்குள் பவதோஷ் மரியாதையோடு குறுக்கிட்டார். “பொருளை ஒரு தடவை பார்க்கலாமா, மொஷாய்?”

மேசையில் சுவரொட்டி விரிந்தது. படகில் விளக்கேந்திய பெண். பவதோஷ் முன்பக்கத்தைக் கண்டுகொள்ளாமல் உடனே திருப்பிப் போட்டார்.

“இது உங்ககிட்ட எப்படி வந்துச்சு?”

“குழாய்ல சுருட்டி வந்துச்சு. நானே வாங்கி, நானே பிரிச்சேன். வேற ஒரு கை படலை.”

“நீங்க மடிச்சீங்களா?”

“எனக்கென்ன பைத்தியமா?”

“மிதாலி, கண்ணை மூடிக்கிட்டு இந்த நடு மடிப்பு மேல விரலை ஓட்டு. மேலேர்ந்து கீழே.”

அவள் ஓட்டினாள். துணியில் மடிப்பு வரப்பாக விரலில் இடறியது. கீழ் ஓரத்தை நெருங்கும்போது சட்டென்று வரப்பு மறைந்து, மெல்லிய படி ஒன்று தட்டுப்பட்டது. அப்புறம் வழவழப்பு. பிறகு மறுபடி வரப்பு. கண்ணைத் திறந்தால், வழவழப்பான இடத்தில் மீன் முத்திரை.

“துணியே மடிஞ்சிருக்கு தாதா. மீன் மட்டும் மடியலை!”

“கேட்டீங்களா, மொஷாய்? போலிக்குப் பழசு மாதிரி மடிப்பு வேணும்னு துணியை ஒட்டினப்புறம் மடிச்சிருக்காங்க. இந்த வேலை தெரிஞ்ச யாரும் அப்படிச் செய்ய மாட்டாங்க. மீன் இருக்கிறது தனித் துண்டு. மடிச்ச பிறகு, வேற துணியிலேர்ந்து வெட்டி இங்க ஒட்டினது.”

“அவளே ஒட்டியிருப்பா!”

“எதுக்கு? முத்திரைக் கட்டை அவங்க மேசையிலேயே கிடக்கு. போலி செஞ்சிருந்தா அதுமேலயே ஒரு குத்து குத்தியிருப்பாங்க. வெட்டி ஒட்ட வேண்டிய தலையெழுத்து கட்டை இல்லாதவனுக்குத்தான். வெட்டணும்னா, முத்திரையும் செவ்வாய்க்கிழமைத் தேதியும் விழுந்த அசல் அவன் கைக்கு வந்திருக்கணும். புதுல் அதை அனுப்பின இடம் இது. பிரிச்ச கை உங்க கை. வேற கை படலைன்னு நீங்களே சொன்னீங்க. போலீஸ் வந்து தேடினா, முதுகுல சதுர ஓட்டையோட அசல் இந்த வீட்டிலேயே கிடைக்கும்.”

சிங்ஹராயின் கண் தன்னையறியாமல் மூலை அலமாரிப் பக்கம் போய்த் திரும்பியது.

“அட அயோக்கியா!” என்றாள் மிதாலி.

சிங்ஹராய் வேர்வையைத் துடைத்தார். இவ்வளவுக்குப் பிறகும் மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. “சரி, விடுங்க. பெரிய மனுஷங்களா முடிச்சுக்குவோம். புதுல், உனக்கு என்ன வேணும்னு சொல்லு, தரேன்.”

புதுல் அந்த வீட்டில் முதல்முறையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தொலைபேசியை அவர் பக்கம் தள்ளினாள்.

“யார் யாருக்கெல்லாம் பேசினீங்களோ, ஒருத்தர் விடாம இப்ப என் எதிர்ல பேசுங்க. போலி செஞ்சது புதுல் இல்ல, நான்தான்னு சொல்லுங்க.”

அவர் பவதோஷைப் பார்த்தார். பவதோஷ் சந்தேஷைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எண்ணைச் சுழற்றி, ரிசீவருக்குள் வாயைப் புதைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

“சத்தமா,” என்றாள் புதுல். “திருடின்னு சொன்னப்ப எவ்வளவு சத்தமோ, அவ்வளவு.”