கீச்சிட்ட சிவப்புக் கார்

லோகன் சித்தப்பா சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் வந்துவிட்டது.

கார் பழையதுதான். ஆனால், பள்ளியில் படிக்கும்போதே கணக்குப் புத்தகம் முழுக்க அந்தக் காரைத்தான் சித்தப்பா வரைந்து வைத்திருந்தாராம். அதனால்தான் அவருக்குக் கணக்கு வரவில்லை என்பது மாதவி சித்தியின் கட்சி.

தாமரைக்குப் பத்து வயது. கிள்ளானில் சித்தப்பா வீட்டுக்குப் பக்கத்து வீடு அவளுடையது. கார் வந்த நாளிலிருந்து சாப்பிடவும் தூங்கவும் மட்டும்தான் அவள் தன் வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை கோயிலில் காருக்குப் பூசை நடந்தது. மாலை போட்டு, சந்தனம் வைத்து, நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார் குருக்கள். சித்தப்பாவுக்கு அது போதவில்லை.

"இது வேகமா போற காடி சாமி. இன்னொரு பழம் குடுங்க," என்று கேட்டு வாங்கி, முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

நான்கு பழங்களையும் நசுக்கிக்கொண்டு கார் கம்பீரமாகக் கிளம்பியது. முதல் வளைவில், "பாத்தியா, எப்படி திரும்புது," என்று சித்தப்பா ஸ்டியரிங்கை ஒரு வெட்டு வெட்டிக் காட்டினார். தாமரை ஒரு பக்கம் சாய்ந்தாள், மாலை ஒரு பக்கம் சாய்ந்தது.

அதன்பிறகுதான் வந்தது வினை. முதலில் 'கீச்' என்றது. பிறகு கியர் மாற்றும்போது 'கர்ர்ர்ர்' என்றது. வீட்டுக்கு அவர்கள் ஊர்ந்துதான் வந்தார்கள். பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டு நடந்து போன ஒரு ஆன்டி அவர்களை முந்திச் சென்றார்.

சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. காரை விற்ற செமினி ஊர் வியாபாரி குருவை ஃபோனில் பிடித்தார்.

"கெட்டுப்போன கியரை என் தலையில கட்டிட்டீங்களே."

"என் காடி நல்ல காடி பாஸ். பிடிக்கலைன்னா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் லோரியோட வந்து எடுத்துக்கிறேன்," என்றார் குரு.

ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. சித்தி மட்டும் சந்தோஷமாக இருந்தார். "அந்தக் காடியில ஒண்ணே ஒண்ணுதான் நல்லா இருந்துச்சு. எலுமிச்சை வாசம். அந்த சென்ட்டை மட்டும் எடுத்து வச்சுக்கங்க," என்றார்.

"நான் எந்த சென்ட்டும் வாங்கலையே," என்று முணுமுணுத்தார் சித்தப்பா. தான் குளிக்கும் துண்டாலேயே காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

தாமரையால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "யாராவது மெக்கானிக்கைக் கேட்டுப் பாக்கலாமே, சித்தப்பா."

கம்போங் மேடானில் சித்தப்பாவின் நண்பர் திருச்செல்வம் கார் பட்டறை வைத்திருந்தார். சித்தப்பா அவரை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஃபோனைக் காரின் மேல் வைத்தார்.

"என்ன மாதிரி சத்தம் வருது?" என்று கேட்டார் திருச்செல்வம்.

சித்தப்பா வாயைக் குவித்து, "கீ...ச்" என்றார்.

"பக்கத்துல ஆட்டுக்குட்டி நிக்குதா லா?"

"அப்படி இல்லீங்க," என்று சித்தி ஃபோனைப் பிடுங்கினார். "கர்ர்ர்ர்ர்ர். இப்படித்தான் கத்துது."

"மிக்சிக்குள்ள கல்லு விழுந்துடுச்சாம்மா?"

எதிர்வீட்டு நாயும் தன் பங்குக்கு ஏதோ சொல்லிப் பார்த்தது.

"லோகன், ஒழுங்கா சொல்லு," என்றார் திருச்செல்வம். "கிளட்ச் பெடலை மிதிக்கும்போது கத்துதா, விடும்போது கத்துதா?"

"எப்பவுமே கத்துது."

"எப்பவும்னு ஒண்ணு கிடையாது லா. மிதிச்சா கத்துறது ஒரு நோய், விட்டா கத்துறது வேற நோய். அது தெரியலைன்னா கியர்பாக்ஸையே கழட்டித்தான் பாக்கணும்." பட்டறையில் யாரோ கூப்பிட, அவர் ஃபோனை வைத்துவிட்டார்.

சித்தப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். தாமரை யோசித்தாள்.

"கிளட்ச்னா என்ன, சித்தப்பா?"

"அந்தப் பெடலை முழுசா மிதிச்சா, எஞ்சின் கியரை விட்டு விலகி நிக்கும். அப்பத்தான் கியர் மாறும். சரியா விலகலைன்னா கர்ருனு சண்டை போடும்."

"சரி, உள்ளே உக்காருங்க. நான் காதால கேக்கறேன். நீங்க வாயால எந்தச் சத்தமும் போடாதீங்க."

சித்தப்பா நல்ல பிள்ளையாக உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினார். கிளட்சை மிதித்தார். கீச். விட்டார். சத்தமில்லை. மறுபடி மிதித்தார். கீச்.

"மிதிச்சா மட்டும்தான் கத்துது," என்றாள் தாமரை. "இப்ப எஞ்சினை நிறுத்திட்டு மிதிங்க."

"நிறுத்தினா எப்படிம்மா சத்தம் வரும்?"

"மிதிங்களேன்."

எஞ்சின் நின்றது. தெருவே அமைதியாக இருந்தது. சித்தப்பா மிதித்தார்.

கீச்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எஞ்சினும் ஓடல, கியரும் சுத்தல," என்றாள் தாமரை மெதுவாக. "அப்ப கத்துறது யாரு?"

அந்த நேரம் பார்த்து வாசலில் லோரி வந்து நின்றது. குரு இறங்கினார். "வாங்க, வாங்க," என்று சித்தி வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"சித்தப்பா, சீக்கிரம் இறங்குங்க," என்று அவரைக் கிளப்பிவிட்டு, பெடல்களுக்கு அடியில் தலையை நுழைத்தாள் தாமரை. வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. உள்ளே எலுமிச்சை வாசம் மூக்கைத் துளைத்தது. ஃபோன் வெளிச்சத்தை அடித்தாள்.

கிளட்ச் பெடலுக்குப் பின்னால், புது ரப்பர் விரிப்பின் மேல், வசமாகச் சிக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஓர் எலுமிச்சம்பழம். ஒரு பக்கம் நசுங்கியிருந்தாலும் குங்குமப் பொட்டு அப்படியே இருந்தது. பெடல் இறங்கும்போதெல்லாம் அது ரப்பரில் உரசிக் கீச்சிட்டது. பெடலைப் பாதியிலேயே தடுத்தும் வைத்திருந்தது.

கத்திச் சொல்லலாம் என்றுதான் தாமரைக்கு முதலில் தோன்றியது. பிறகு, வாசலில் கைகட்டி நிற்கும் சித்தியை நினைத்துக்கொண்டாள். ஒரு வருடத்துக்கு இதையே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சித்தப்பா பாவம். சத்தமில்லாமல் பழத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

சித்தப்பா விரல்களைக் கொஞ்சம் திறந்து பார்த்தார். முகம் காரைவிடச் சிவந்தது. மறுபடி காரில் உட்கார்ந்து கிளட்சை மிதித்தார். பெடல் இறங்கியது, இறங்கியது, இன்னும் இறங்கியது.

"இவ்ளோ தூரம் இறங்குமா இது?" என்றார். இத்தனை வருடமாகத் தானாகக் கியர் மாறும் ஆட்டோ கியர் காரே ஓட்டியவர் அதை எங்கே கவனித்திருந்தார்?

எஞ்சினைக் கிளப்பி கியரைப் போட்டார். 'டக்' என்று விழுந்தது. கீச்சும் இல்லை, கர்ரும் இல்லை.

சித்தப்பா நேராகக் குருவிடம் போனார். லோரிக்கு அந்தப் பக்கம் அழைத்துச் சென்று கையைத் திறந்து காட்டினார். "தப்பு என்னுது. உங்களைப் போய் திட்டிட்டேன். மன்னிச்சிருங்க."

குரு லோரிக் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "பரவால்ல பாஸ். காடி உங்ககிட்டயே இருக்கட்டும்."

"என்ன, காடி சரியாயிடுச்சா?" என்று சித்தி ஓடி வந்தார். "யார் சரி பண்ணது?"

"தாமரைதான்."

"என்னடி பண்ண?"

"சத்தம் போடாம கேட்டேன், சித்தி," என்றாள் தாமரை.

அன்று இரவே பிரிக்ஃபீல்ட்ஸுக்குத் தோசை சாப்பிடக் கிளம்பினார்கள். பின்சீட்டில் பள்ளிக்கூடப் பை வைக்க மட்டுமே இடம் காணும். தாமரை முழங்காலைத் தாடையில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் இறங்கச் சொன்னால் இறங்கியிருக்கமாட்டாள்.

பாதி வழியில் சித்தி மூக்கை உறிஞ்சினார். "அந்த எலுமிச்சை வாசம் எங்க போச்சு? எனக்குப் பிடிச்சதே அதுதான். இன்னொண்ணு வாங்கி வைங்க."

சித்தப்பா கண்ணாடியில் தாமரையைப் பார்த்தார். தாமரை உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வாங்கிடலாம்," என்றார் சித்தப்பா, கிளட்சை அடிவரை மிதித்தபடி. "இந்தத் தடவ உருளாததா பாத்து வாங்கலாம்."