கரையும் நூல்

காலையில் குளிக்கும்போது மோகனராஜின் விரலில் ஒரு முடிச்சுத் தட்டுப்பட்டது.

அடிவயிற்றின் வலப்பக்கம், பழைய தழும்பின் மேல். பத்தொன்பது வருசத்துக்கு முன் கண்டி பெரியாஸ்பத்திரியில் குடல்வால் எடுத்தபோது போட்ட தையலின் தழும்பு அது. கறுப்பு நைலோன் நூல், ஏழு தையல். பத்தாம் நாள் நர்ஸ் ஒவ்வொன்றாக வெட்டி உருவிக் கிண்ணத்தில் போட்டதை அவரே தலையைத் தூக்கிப் பார்த்திருந்தார். நைலோன் உடம்பில் கரையாது. வெட்டி எடுத்தால்தான் போகும், எடுத்தது திரும்பி வராது. தெல்தோட்டைக்கு மேலே இந்தத் தோட்டத்து டிஸ்பென்சரியில் இருபத்திரண்டு வருசம் ஊசியும் நூலும் பிடித்தவருக்கு அது தெரியாதா?

ஆனாலும் சவர்க்காரம் வழுக்கிய தோலில் முள்ளு மாதிரி அது குத்திக்கொண்டு நின்றது. கறுப்பு முடிச்சு. இரண்டு வால்.

பதினொரு மணிக்கு சீதா வந்தாள். செத்துப்போன கஜலட்சுமியின் தங்கச்சி. கொழுந்து மலையிலிருந்து நேரே வந்தவள், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை.

"டாக்டரய்யா, நாளைக்கு விசாரண. அக்கா தையல அவளே பிச்சுக்கிட்டான்னு எழுதியிருக்கீங்களாமே?"

"பிச்சா, பிச்சான்னுதான் எழுத முடியும்."

"தச்ச அன்னைக்கு ராத்திரி காய்ச்சல்ல அனத்துறப்பகூட வயித்துல கை வக்கலங்கய்யா அவ. ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி வச்சுக்கிட்டே கெடந்தா. அய்யா தச்சது கெட்டுறப்புடாதுன்னு. அந்த ஒத்த வரிய அடிச்சு விடுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"போடி, போயி வேலையப் பாரு. கொழுந்து கிள்ளுற கை சும்மா கெடக்குமா? எதையாச்சும் கிள்ளிக்கிட்டேதான் இருக்கும்."

சீதா இடுப்புப் படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"சரிங்கய்யா. கையப் பத்திப் பேசிட்டீங்க. இனி அவ பாத்துக்குவா."

அவள் படியிறங்கிப் போன பிறகும் பச்சைக் கொழுந்து வாசம் அறையை விட்டுப் போகவில்லை.

நடந்தது அவருக்கும் தெரியும், மேசை லாச்சிக்குள் கிடந்த காலி நூல் உறைக்கும் தெரியும். கவ்வாத்து வெட்டிய மலையில் வழுக்கி விழுந்த கஜலட்சுமியின் வயிற்றில், சீவி நின்ற தேயிலை மிளாறு விரல் நீளம் இறங்கியிருந்தது. கண்டிக்கு அனுப்பியிருக்க வேண்டிய காயம். அவர் இங்கேயே தைத்தார். வயிற்றுச் சதை இழுபடும் இடம். நாள்பட நின்று பிடிக்கிற நூல் வேண்டும். மேல்தோலுக்கு நைலோன் வேண்டும். ஆனால் நைலோன் போட்டால் பிரிக்க இன்னொரு நாள் வர வேண்டும், அதற்கு இன்னொரு லீவு எழுத வேண்டும், லீவு கூடினால் துரை கத்துவான். அதனால் தோட்டத்து ஆளுக்கென்றால் அவர் கையில் எப்போதும் ஒரே நூல்தான்: ஆட்டுக் குடலில் செய்த, தானாகவே கரைகிற நூல். அதையே உள்ளுக்கும் போட்டார், வெளிக்கும் போட்டார். ஒரு கிழமையில் அதன் பிடி விட்டுவிடும் என்று தெரிந்துகொண்டே எட்டாம் நாள் 'வேலைக்குப் போகலாம்' என்று துண்டும் கொடுத்தார். ஒன்பதாம் நாள் கொழுந்துச் சாக்கைத் தலைக்குத் தூக்கினாள். மலையிலேயே வயிறு திறந்துகொண்டது.

மூன்று மணிக்கு மூடுபனி ஜன்னலை அடைத்தது. தகரத்தில் மழை. மனைவி கம்பளைக்குப் போயிருந்தாள். விசாரணைக்குரிய கடதாசியை மோகனராஜ் இன்னொரு தடவை வாசித்துக்கொண்டிருந்தபோது, மழைக்கு நடுவில் வேறொரு சத்தம் கேட்டது. இளங்கொழுந்தை நகத்தால் ஒடிக்கிற சத்தம்.

டுக்.

வெளியில் இல்லை. அறைக்குள்.

சட்டையைத் தூக்கினார். ஏழு முடிச்சும் வந்திருந்தன. பத்தொன்பது வருசத்துத் தழும்பு, நேற்று அறுத்தது போலச் சிவந்திருந்தது. மேல் முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. அந்த இடத்தில் தோல் உதடு போல விலகியிருந்தது. இரத்தம் இல்லை. நூல் உறையைக் கிழித்தால் வருகிற ஸ்பிரிட் நெடிதான் வந்தது.

டுக். இரண்டாவது.

கடதாசி கண்ணெதிரே கிடந்தது, பேனையும் பக்கத்திலேயே. ஒரு வரியை அடித்தால் போதும். அடித்தால் உத்தியோகம் போகும், குவாட்டர்ஸ் போகும். அவர் பேனையை எடுக்கவில்லை. அலுமாரியைத் திறந்தார்.

முதலில் பட்டு நூல். சதையில் ஊசியை ஏற்றி, பல்லைக் கடித்து இழுத்து முடிந்தார். விரல் விலகுவதற்குள் பட்டு ஈரச் சாம்பல் போல உதிர்ந்தது. அடுத்து நைலோன், எதற்கும் கரையாத நைலோன். சூட்டில் வாட்டிய மெழுகு போல வளைந்து, சொட்டி, ஒழுகியது.

டுக். டுக்.

போனை எடுத்தார். சிக்னல் இல்லை. 

டுக்.

வயிறு தளர்ந்தது. உள்ளே ஏதோ சரிந்து முன்னுக்கு வந்தது. இரண்டு கையாலும் பொத்தினார். 

டுக்.

இப்போது பேனை வேண்டும். ஒரு சாண் தூரம். ஒரு கையை எடுத்தால் போதும். 

எடுத்தால் குடல் மேசைக்கு வந்துவிடும்.

"அடிச்சிர்றேன்," என்றார். "தாயே, அடிச்சிர்றேன். கை... கைய எடுக்க ஏலாம இருக்கே!"

சத்தம் நின்றது. மழையும் நின்றது.

ஒரு முடிச்சு மிச்சம்.

பொத்திய உள்ளங்கைக்குக் கீழே ஏதோ அசைந்தது. குடல் இல்லை. குடலுக்கு நகம் கிடையாது. அவருடைய விரல்களின் இடுக்கை மெல்ல விலக்கிக்கொண்டு உள்ளேயிருந்து இரண்டு விரல் வெளியே வந்தன. கொழுந்துக் கறை ஏறி நகக்கண் வரை கறுத்துப்போன பெருவிரலும் ஆட்காட்டி விரலும். தோலை ஒருமுறை தடவிப் பார்த்தன. அவசரமே இல்லை. 

இரண்டு இலையும் மொட்டும் கிள்ளுகிற பக்குவத்தில், கடைசி முடிச்சை நுனி நகத்தில் பிடித்தன.