செத்துப்போன அத்தை கொடுத்த தண்ணீர்

கதவைத் திறந்துவிட்ட பிறகும் அந்த அம்மாள் உட்காரவில்லை. சொட்டுகிற குடையை எங்கே சாத்துவதென்று தெரியாமல், குடையையும் கக்கத்தில் இடுக்கியிருந்த தடித்த புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். செருப்பெல்லாம் சேறு. பேருந்துக்குக்கூடக் காத்திராமல் நடந்தே வந்திருக்கிறார் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

"இந்தப் புத்தகத்துல இருக்கற தப்பு ஒண்ணுகூட நான் விட்டதில்ல சார். ஆனா திருத்தினதுன்னு என் பேரைத்தான் போட்டிருக்கு. சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள மன்னிப்புக் கடுதாசில கையெழுத்துப் போடணுமாம்."

இப்படித்தான் அந்த வழக்கு வீட்டுக்குள் வந்தது. வழக்கை வாங்கிக்கொண்டவர் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எரிந்த கடைகளையும் நசுங்கிய வண்டிகளையும் பார்த்து, யார் நிஜம் சொல்கிறார்கள், யார் கதை விடுகிறார்கள் என்று கண்டுபிடித்தே தலை நரைத்தவர். எதற்கும் பதறமாட்டார். யார் என்ன சொன்னாலும் 'ஆறட்டும்' என்பார். கூடவே இருந்தவர் அவருடைய மனைவியின் தம்பி. பூட்டும் சாவியும் விற்கிற கடை வைத்திருந்தார். கடையைவிட அத்தானின் வழக்குகள் மேல்தான் அவருக்கு ஆசை. எதையும் முழுதாகக் கேட்பதற்குள் முடிவு கட்டிவிடுவதால் வீட்டில் எல்லோரும் அவரைக் குடுக்கை என்பார்கள். அவசரக்குடுக்கையில் பாதி மிச்சம். நாமும் அப்படியே சொல்வோம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வந்த அம்மாளுக்குப் பிழை திருத்துகிற வேலை. பதிப்பகத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் அக்கா. விஷயம் இதுதான். பேர்பெற்ற நாவலாசிரியர் ஒருவரின் புதுப் புத்தகம் கடைக்குப் போன மறுநாளே யாரோ ஒரு வாசகர் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து ஊரெல்லாம் பரப்பிவிட்டார். சுவரில் என்று இருக்கவேண்டிய இடமெல்லாம் சுவற்றில். பூவைக் கோத்தாள் என்பது கோர்த்தாள். பதற்றம் எல்லாம் பதட்டம். ஒரு வரியில் ஒவ்வொரு ஜன்னல்களும் படபடவென்று அடித்துக்கொள்கின்றன. நாலு வருஷமாகத் தானும் ரகசியமாக ஒரு துப்பறியும் நாவல் எழுதிவந்த குடுக்கைக்கு இதைக் கேட்டதும் தன் தாள்கள் ஞாபகம் வந்தன. அவருடைய நாவலில் பக்கத்துக்குப் பக்கம் பதட்டம்.

"இதெல்லாம் எல்லாரும் பண்ற தப்பு, நான் கண்ணை மூடிட்டுத் திருத்துவேன்," என்றார் அக்கா. "அதைவிடப் பெருசு ஒண்ணு இருந்துது. நாலாம் அத்தியாயத்துல செத்துப்போன அத்தை, இருபதாம் அத்தியாயத்துல வந்து கதாநாயகனுக்குத் தண்ணி குடுக்கறா. ஓரத்துல எழுதிவெச்சேன், இவங்க இறந்துட்டாங்களேன்னு."

அப்படி எழுதிய தாள்கள் எங்கே என்று கேட்டார் அத்தான். அங்கேதான் சிக்கல். பதிப்பகத்தில் ஒரு கட்டு இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் அக்காவின் சுருக்கக் கையெழுத்தும் இருக்கிறது. ஓரங்கள்தான் வெறிச்சென்று கிடக்கின்றன.

"நானே பாத்தாலும் என் கையெழுத்துன்னுதான் சார் சொல்வேன். ஆனா நான் போடல. கடுதாசில கையெழுத்துப் போட்டா, அப்புறம் எனக்கு யாரு ஒரு தாள் குடுப்பாங்க? இந்தக் கண்ணை வெச்சுத்தான் பொழைக்கறேன்."

அத்தான் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். பிறகு சம்பந்தமில்லாமல், "நாவல் எப்படி, நல்லா இருந்துதா?" என்றார்.

"எந்தக் கதையும் என்னை அசத்தினதில்ல சார். எனக்கு முடிவு முன்னாலயே தெரிஞ்சுடுமே."

பாவம், படித்துப் படித்து அலுத்துவிட்டது என்று குடுக்கை நினைத்துக்கொண்டார். முகம் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தபோது அக்காவின் பையிலிருந்து வேறொரு நாவலின் தாள்கள் சரிந்து தரையில் பரவின. குடுக்கை குனிந்து பொறுக்கிக் கொடுத்தார். 'முற்றும்' என்று முடிகிற தாள் முழுக்கச் சிவப்பு. முதல் அத்தியாயத் தாளில் ஒரு புள்ளிகூட இல்லை. நன்றாக ஆரம்பித்துக் கடைசியில் சொதப்பிவிட்டான் போல, என்று முகம் தெரியாத அந்த எழுத்தாளருக்காக இரக்கப்பட்டார்.

பதிப்பகம் ஒரு பழைய மாடிக் கட்டடம். படி ஏறும்போதே காகிதமும் பசையும் கலந்த வாசனை வந்தது. பதிப்பாளர் அம்மையாரின் மேஜைமேல் மன்னிப்புக் கடிதம் தட்டச்சு செய்து தயாராக இருந்தது. பக்கத்தில் மூடி திறந்த பேனாவும். 'என் கவனக்குறைவால்' என்று தொடங்கிய அதைப் பார்த்ததும் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மையார் கெட்டவர் இல்லை. நாவலாசிரியர் போய்விட்டால் பதிப்பகத்தையே பூட்ட வேண்டியதுதான் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். "எனக்கும் அக்கா மேல மரியாதை உண்டு சார். ஆனா கண்ணுக்கு முன்னால கட்டு இருக்கே. அஞ்சு மணிக்கு அவர் வராரு."

அத்தான் அந்தக் கட்டைப் பிரித்து, ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். குடுக்கை தோள்வழியே எட்டிப் பார்த்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காற்புள்ளித் திருத்தங்கள், அவ்வளவுதான். முதல் பக்கங்களில் கையெழுத்து ரத்தச் சிவப்பாகப் பளிச்சென்று இருந்தது. போகப்போக வெளிறியது. பாதிப் புத்தகத்தில் மை வராமல் கீறிய தடம் மட்டும். அடுத்த தாளில் வேறு பேனா, மறுபடி பளிச்சென்று கடைசிவரை. பேனா தீர்ந்திருக்கிறது, இதில் என்ன இருக்கிறது என்று குடுக்கை புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய் உட்கார்ந்தார். இருபதாம் அத்தியாயத்தைத் தேடினார்.

படித்ததும் அந்த வரிக்கே திரும்பிப் போய் இன்னொரு தரம் படித்தார். கதாநாயகனுக்குத் தண்ணீர் கொடுத்தது அத்தை இல்லை. பக்கத்து வீட்டுக்காரி.

அத்தானைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். "அத்தான், அக்கா பொய் சொல்லுது. அப்படி ஒரு தப்பே புத்தகத்துல இல்ல. செத்த அத்தை செத்தவளாவே இருக்கா."

"இருக்கட்டும் மாப்பிள்ள."

"என்ன இருக்கட்டும்? நாம பொய்க்கு வக்காலத்து வாங்கிட்டு வந்து நிக்கறோம். கடிகாரத்தைப் பாருங்க."

"ஆறட்டும். கேள்வி ஒண்ணுதான் பாக்கி."

பக்கம் அமைக்கும் இளைஞர் அடுத்த அறையில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். குடுக்கைக்கு ஏற்கெனவே அவர்மேல் ஒரு கண். திருத்தங்களைத் தட்டச்சு செய்யச் சோம்பல்பட்டு வேறு கட்டை வைத்துவிட்டிருக்கலாமே. ஆனால் அவர் ஒளிக்காமல் பதில் சொன்னார். அக்கா திருத்தி முடித்த கட்டை நாவலாசிரியர் ஒருமுறை பார்க்கவேண்டும் என்று வீட்டுக்கு எடுத்துப்போனார். பிறகு அவரே கொண்டுவந்து கொடுத்தார். அதில் இருந்ததை மட்டும் இவர் கணினியில் ஏற்றினார். பழைய தாள்களைக் கேட்டால் வேறெதுவும் தன்னிடம் வரவே இல்லை என்றார்.

"அக்கா கட்டு வந்தா எனக்கு ஒரு வேலை ஜாஸ்தி சார், மொத்தத்தையும் கவுத்து அடுக்கணும். இந்தத் தடவ அந்த வேலை இல்ல. முதல் பக்கம் மேலயே இருந்துது."

"கட்டுல இல்லாத மாத்தம் எதையாவது ஏத்தினீங்களா?"

"ஒண்ணே ஒண்ணு. கட்டு தன் வீட்டுல இருக்கறப்பவே எழுத்தாளர் போன்ல சொன்னாரு. இருபதாம் அத்தியாயத்துல அத்தையை எடுத்துட்டுப் பக்கத்து வீட்டுக்காரியைப் போடுன்னாரு."

குடுக்கை வாயைத் திறந்தார். அத்தான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

ஐந்து மணிக்கு முன்பே நாவலாசிரியர் வந்துவிட்டார். இஸ்திரி கலையாத சட்டை, மெல்லிய குரல். அக்காவைப் பார்த்து வருத்தத்தோடு தலையசைத்தார். தனக்கு யார்மேலும் கோபமில்லை என்றும், வயதானால் கண் முன்போல ஒத்துழைக்காது என்றும் சொன்னார். அந்தப் பரிவைத் தாங்கமாட்டாமல் அக்கா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அம்மையார் பேனாவை நகர்த்தினார். அக்கா எழுந்து மேஜைக்கு வந்தார்.

"ஒரு நிமிஷம்மா," என்றார் அத்தான். "கையெழுத்துக்கு முன்னால இந்தத் தாள்ல கொஞ்சம் திருத்திக் காட்டுங்க. எப்பவும் செய்யற மாதிரி." பக்கம் அமைப்பவர் அச்சடித்துத் தந்திருந்த புதுக் கட்டு ஒன்றை அக்காவின் முன்னால் வைத்தார்.

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கைக்கு விளங்கியது. கட்டைத் தொட்டதும் இரண்டு கைகளாலும் அப்படியே கவிழ்த்துப் போட்டு, மேலே வந்த கடைசித் தாளைத் திருப்பி வைத்து, சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"ஏம்மா கடைசித் தாள்?"

"முன்னாலேர்ந்து போனா கதை கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிடும் சார். அப்புறம் தப்பு எங்க கண்ணுல படும்? பின்னாலேர்ந்து ஒவ்வொரு பக்கமா வந்தா எழுத்து மட்டும்தான் தெரியும். முடிச்ச தாளை ஒண்ணுக்கு அடியில ஒண்ணா சொருகிட்டே வருவேன். நான் ஆரம்பத்துலேர்ந்தே இப்படித்தான்."

அத்தான் பழைய கட்டை எல்லோர் முன்னிலையிலும் பரப்பினார். "இந்தக் கையெழுத்தைப் பாருங்க. முதல் பக்கத்துல மை நிறைய. நடுவுல தீந்துபோச்சு. அதுக்கப்புறம் புதுப் பேனா, கடைசிவரைக்கும் பளிச்சு. போட்டவர் முதல் பக்கத்துலேர்ந்து கடைசிக்குப் போயிருக்கார். அக்கா போட்டிருந்தா கடைசிப் பக்கத்துல மை நிறைய இருந்து, முன்னால வரவர வெளுத்திருக்கணும். இது அக்கா போட்டது இல்ல."

அம்மையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். தாள் தாளாக மையைப் பார்த்துக்கொண்டே போனார்.

"இந்த ஆபீஸ்ல யார் வேணும்னாலும் போட்டிருக்கலாமே," என்றார் நாவலாசிரியர்.

"இங்க இருக்கறவங்களுக்கு அக்காவோட கட்டு கவுந்துதான் வரும்னு தெரியும். மையை மறந்திருந்தாலும் கட்டையாவது கவுத்து வெச்சிருப்பாங்க. இது முதல் பக்கம் மேல இருக்க வந்துது, உங்க வீட்டுலேர்ந்து." அத்தான் குரல் உயரவே இல்லை. "அந்த அத்தையை ஏன் மாத்தினீங்க?"

"படிக்கறப்ப எனக்கே தோணிச்சு. செத்தவ எப்படி வருவான்னு."

"சுவர் தோணல. பதற்றம் தோணல. அத்தனை ஜன்னலும் கண்ணுக்குத் தப்பிடிச்சு. அக்கா ஓரத்துல எழுதின அந்த ஒண்ணு மட்டும் தோணிச்சு. அதுவும் அந்தக் கட்டு உங்க வீட்டுல இருந்த சமயம் பாத்து."

குடுக்கை அத்தானின் பக்கத்தில் இன்னும் ஒட்டி நின்றார். அக்காவைப் பொய்க்காரி என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

நாவலாசிரியர் உட்கார்ந்தார். இஸ்திரிச் சட்டைக்குள் ஆள் சின்னதாகிவிட்டது போலிருந்தது. "தாளைத் திறந்தா ஒரே சிவப்பு," என்றார். "இத்தனை புத்தகம் எழுதினவன் நான். பக்கத்து ரூம் பொடிப்பயல் அதை உக்காந்து தட்டுவான், ஒவ்வொரு தப்பா எண்ணிச் சிரிப்பான்னு நெனச்சேன். என் தமிழ் எனக்குப் போதும்னு ஒரு வீம்பு. எங்கிட்ட இருந்த வெறும் பிரதில அக்கா கையெழுத்தைப் பாத்து நானே போட்டேன், அவங்க கட்டு கவுந்திருந்ததைப் பெருசா எடுத்துக்கல. அத்தை விஷயம் மட்டும்... அது ரொம்பக் கேவலமா இருந்துது, அதை மட்டும் எடுத்துக்கிட்டேன். ஊர் சிரிக்க ஆரம்பிச்சதும் பயந்துட்டேன்."

"நிஜக் கட்டு எங்க?" என்றார் அம்மையார்.

"வீட்டு அலமாரில. கிழிச்சுப் போடலாம்னுதான் எடுத்தேன். முடியல." தலை குனிந்தபடியே சொன்னார். "எல்லாம் சரியாத்தான் திருத்தியிருந்துது."

அக்கா அழவில்லை. மேஜையில் இருந்த மன்னிப்புக் கடிதத்தை எடுத்தார். பழக்கதோஷம், கையில் பேனா திறந்தே இருந்தது. 'என் கவனக்குறைவால்' என்ற இடத்தில் 'என்' என்பதை மட்டும் அடித்துவிட்டு, தாளை நாவலாசிரியர் பக்கம் தள்ளினார். "பேரை நீங்களே எழுதிக்கோங்க சார். மீதி வாக்கியமெல்லாம் சரியா இருக்கு."

அவர் எழுதினார். கீழே கையெழுத்தும் போட்டார். அம்மையார் எழுந்துவந்து அக்காவின் தோளில் கை வைத்தார். அலமாரிக் கட்டு வந்ததும் புத்தகத்தை மறுபடி அச்சடிப்பதாகச் சொன்னார்.

மழை விட்ட ஒரு காலையில் குடுக்கை தன் நாவலைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். பொய் சொல்லுது என்று தாழ்வாரத்தில் சொன்னதை முதலில் ஒப்புக்கொண்டார். அக்கா சிரித்துவிட்டு நாற்காலியைக் காட்டினார். கொலைகாரனைக் கடைசி வரிவரை ஒளித்துவைக்கத் தான் பட்ட பாட்டை, இருபது பேர்மேல் சந்தேகத்தைக் கிளப்பிய சாமர்த்தியத்தை எல்லாம் குடுக்கை மூச்சுவிடாமல் விவரித்தார். யாராலும் ஊகிக்க முடியாது அக்கா, என்று முடித்தார்.

அக்கா தலையாட்டிக்கொண்டே கட்டை வாங்கினார். வாங்கிய வேகத்தில் கவிழ்த்துப் போட்டார்.

"ஐயோ அக்கா," என்றார் குடுக்கை.

"தபால்காரனா?" என்றார் அக்கா, சிவப்புப் பேனாவைத் திறந்தபடி. "இருக்கட்டும் தம்பி, நல்லாத்தான் இருக்கு. ஆனா அவன் பதட்டமா ஓடறான். பதற்றமா ஓடவிடுவோம்."