தாய்க்கு இருபது, பிள்ளைக்கு நானூறு

சுழன்று நின்ற இயந்திரத்திலிருந்து எடுத்த இரண்டு குழாய்களில், தாயின் சீட்டு ஒட்டியதில் ரத்தத்தின் மேலே பிரிந்து நின்ற சீரம் வெறும் தண்ணீராகத் தெளிந்திருந்தது. குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்திலோ மேலே வெண்ணெய்போல ஒரு தடித்த ஆடை. லேப் டெக்னீஷியன் உதட்டைச் சுழித்தாள். பிள்ளை பெறும் நேரத்தில் தாய்க்குக் கொழுப்பு ஏறியிருக்கும். பிறந்த குழந்தைக்கு அதில் பாதிகூட இருக்காது. இது தெரியாத கழுதைகளுக்கெல்லாம் வெள்ளைச் சட்டை ஒரு கேடு.

போனை எடுத்தாள். "தாய் எது, பிள்ளை எதுன்னு பார்த்துச் சீட்டு ஒட்டத் தெரியாதா உனக்கு?"

"பார்த்துதான்க்கா ஒட்டினேன்..." என்றாள் வார்டு நர்ஸ்.

"பார்த்துக் கிழிச்சே. மறுபடி ரெண்டு பேருக்கும் எடுத்து அனுப்பு."

அரை மணியில் வந்த ரத்தம் இன்னும் மோசம். முதல் குழாயில் தாய்க்கு அறுபதாக இருந்த கொழுப்பு இப்போது இருபது. பிள்ளைக்கு நானூறு. பட்டப்பகல்தான். ஆனாலும் குளிர்பெட்டியின் முனகலுக்கு நடுவே திரிந்த பால் வாடை ஒன்று எங்கிருந்தோ வந்தது. ஊசிப்பெட்டியோடு தானே மாடியேறி வார்டுக்குப் போனாள்.

தொட்டிலருகே பிள்ளை பெற்றவளின் கணவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "காலையில பொறந்தவன், அதுக்குள்ள எப்படி ஊதிட்டான் பாருங்க மேடம்! இவளுக்கு இன்னும் பால்கூட வரல."

"பொண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தியாய்யா நீ?"

"அவ தூங்குறா."

மடையன்.

கட்டிலில் போர்வை தட்டையாகக் கிடந்தது. விலக்கினாள். எலும்பின்மேல் விரித்த தோல். கண் மட்டும் அசைந்தது. ஊசி இறங்கியது. ரத்தம் வரவில்லை.

"கிட்டப் போகாதீங்க," என்றது அந்த வாய், காற்றாக.

பயந்தாங்கொள்ளி என்று நினைத்தபடியே தொட்டிலை நெருங்கினாள். கால் ஏனோ பின்வாங்கியது. அரைநாள் சிசுவுக்கா பயம்? தூ! மடிப்பு மடிப்பான குதிகாலைப் பிடித்துக் குத்தினாள். வெள்ளையாக ஒரு சொட்டு. குழந்தை அழவில்லை. தலையைத் திருப்பியது. அவள் விரலைக் கவ்வியது.

வெதுவெதுப்பு.

இழுத்தாள். வரவில்லை.

மறுபடி இழுத்தாள்.

"உங்களையும் பிடிச்சுப்போச்சு மேடம் அவனுக்கு!"

மோதிரம் கழன்று தரையில் உருண்டது. பிறகு கைக்கடிகாரம். முழங்கைவரை தோல் தொளதொளத்துத் தொங்கியது. கத்த வாய் திறந்தாள். காற்றுதான் வந்தது.

குழந்தை கண்ணை மூடிக்கொண்டது. விழுங்கியது. மீண்டும் விழுங்கியது.